டி-ஐடென்டிஃபிகேஷன்: ‘அடையாள நீக்கம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவ ஆய்வுத் தரவுக்கான சொற்பட்டியலில் டி-ஐடென்டிஃபிகேஷனுக்கு, அதாவது இன்னார் என்று காட்டிவிடும் விவரங்களைத் தரவிலிருந்து எடுப்பதற்கு, ‘அடையாள நீக்கம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘நீக்கம்’ என்றால் எடுத்தாயிற்று, முடிந்தது என்று பொருள். இங்கே அப்படி முடிவதில்லை.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயரும் முகவரியும் எடுக்கப்பட்டு, ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டன. அப்போது எம்ஐடி மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, அதே மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய மருத்துவப் பதிவு எது என்று தெரிந்துவிட்டது.

பின்னால் வந்த, ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழான மருத்துவத் தகவல் தனியுரிமை விதியும் ஆபத்து அறவே இருக்கக் கூடாது என்று கேட்பதில்லை. ஒன்று, 18 வகை அடையாளங்களை எடுக்க வேண்டும். இல்லையென்றால், ஆளைக் கண்டுபிடிக்கும் ஆபத்து ‘மிகச் சிறியது’ என்று வல்லுநர் ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அந்த 18இலும் சில முழுதாகப் போவதில்லை. பிறந்த தேதியில் ஆண்டு நிற்கும். 89 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ‘90 அல்லது அதற்கு மேல்’ என்ற ஒரே பிரிவுக்குள் வருவார்கள்.

அதனால் ‘அடையாளக் களைவு’ என்று முன்வைக்கிறேன். களை பறித்த வயலில் மறுபடி முளைக்கும், திரும்பவும் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். முகக்களை என்ற பொருளோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘களைவு’ என்று வரும்போது அந்தப் பொருள் எழாது. ‘அடையாளமறுப்பு’ (அடையாளம் + அறுப்பு) என்றும் சொல்லலாம், நல்ல முயற்சிதான், ஆனால் அறுப்பது என்று யாரும் படிக்க மாட்டார்கள், மறுப்பது என்றுதான் படிப்பார்கள்.

இன்னொன்று முக்கியம். பெயருக்குப் பதில் குறியீடு இடுவதையும், ஆளையே அறிய முடியாதபடி செய்வதையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் முதலாவதைத் தனிநபர் தரவாகவே கருதுகிறது. இரண்டாவது அந்தச் சட்டத்துக்கு வெளியே. சொல் குழம்பினால் ஆய்வாளர் சட்டம் தமக்குப் பொருந்தாது என்று நினைத்துவிடுவார், பாதிப்பு நோயாளிக்கு. முதலாவதற்கு ‘மாற்றுக்குறியிடல்’, இரண்டாவதன் விளைவுக்கு ‘ஆளறியாத் தரவு’ என்று வைக்கலாமா? ‘அநாமதேயம்’ வேண்டாம், அது பெயரில்லாததை மட்டுமே குறிக்கும். பெயர் இல்லாமலேயே வெல்ட் அகப்பட்டார் அல்லவா?

அப்புறம், பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு போலத் தனியாக யாரையும் காட்டாமல் சேர்ந்தால் காட்டிக்கொடுப்பவற்றை குவாசி-ஐடென்டிஃபையர் என்கிறார்கள். பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ‘கூட்டடையாளம்’ எப்படி இருக்கிறது? மருத்துவப் பதிவேடுகளோடு வேலை செய்பவர்கள் சொன்னால் நல்லது.