பல் கட்ட வெளிநாடு போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

கடைவாய்

கீழ்த்தாடையில் இடதுபக்கம் இரண்டு கடைவாய்ப் பல் போய் மூன்று வருடமாகிறது. மெல்லுவதெல்லாம் வலதுபக்கம்தான். அந்த இரண்டுக்கும் இம்ப்ளாண்ட் (வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைத்து, மேல் முன்பல்லில் இருக்கும் பழைய கேப்பையும் (பல்மேல் மாட்டும் உறை) மாற்ற வேண்டும். ஈறு ஓரத்தில் கறுப்புக்கோடு விழுந்துவிட்டது, சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிறது. உள்ளூரில் கேட்ட தொகையைப் பார்த்ததும் அன்றிரவு பல் இல்லாத இடமும் சேர்ந்து வலித்தது.

சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று வெளிநாட்டு கிளினிக் ஒன்றுக்கு எக்ஸ்ரேயை போனில் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இங்கே சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. ஹோட்டல் சேர்த்து, விமான நிலையத்திலிருந்து கார் சேர்த்து, 7 நாளில் எல்லாப் பல்லும் ரெடி.

போய் வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விளம்பரமும் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம்.

இரண்டு பயணம்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நல்லபடிதான் முடிந்தது. இரண்டு இம்ப்ளாண்ட், இரண்டு கேப். நாலு வருடமாகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் போக உள்ளூர்க் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் ஆனது.

நான் பேசிய நாலு கிளினிக்கில் மூன்று ‘ஒரே வாரம்’ என்றன. நாலாவது மட்டும், இரண்டு தடவை வர வேண்டும், நடுவில் நாலு மாதம் இடைவெளி என்றது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் திண்டாடித்தான் எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்று கண்டுபிடித்தார். 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார். இந்த வைத்தியம் முழுக்க அந்த ஒட்டுதலை நம்பித்தான் நிற்கிறது. அது ஒட்ட மாதக்கணக்கில் ஆகும், அதிலும் கீழ்த்தாடையைவிட மேல்தாடைக்குப் பொதுவாக அதிகம். நாம் எந்த நாட்டில் படுத்திருக்கிறோம் என்பதெல்லாம் எலும்புக்குத் தெரியாது.

முதல் நாள் ஸ்கேன் எடுத்ததும் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தாடைக்குள் ஒரு மெல்லிய குழாய்போலத் தெரிந்தது. “இதுதான் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு போகிற வழி. இதற்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் நான் நிறுத்துவேன்” என்று கர்சரை வைத்து அளந்து காட்டினார். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. போன் படத்தைப் பார்த்து விலை சொல்கிறவருக்கு அந்த 2 மில்லிமீட்டர் தெரியவே தெரியாது. பல் போய் மூன்று வருடம் என்கிறீர்கள், எலும்பின் அகலம் குறைந்திருக்கும். அது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

நீலக்காகிதம்

என் கதை வேறு மாதிரி.

எனக்குப் பல்லில் நோய் எதுவும் இல்லை. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். படங்களில் பார்த்த வெள்ளைச் சிரிப்புக்கு ஆசைப்பட்டேன். ‘வெனீர்’ என்று பேசித்தான் போனேன். வெனீர் என்றால் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவில் எனாமலைச் சீவிவிட்டு மேலே ஒரு மெல்லிய ஓடு ஒட்டுவது. எனக்கு நடந்தது அது இல்லை. 20 பல்லையும் சுற்றிலும் ராவி முளைக்குச்சி மாதிரி ஆக்கி, மேலே கேப் மாட்டினார்கள். முழு கேப்புக்கு ராவினால் பல்லின் வெளியே தெரிகிற பகுதியில் பாதிக்கு மேல் போய்விடும். கையெழுத்துப் போட்ட தாளில் கேப் என்றுதான் இருந்ததாம். அந்த மொழி எனக்குத் தெரியாது. கூட இருந்த ஒருங்கிணைப்பாளர் பெண் “ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள்.

தற்காலிகப் பல் மாட்டுவதற்கு முன்னால் கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தேன். அதை நான் பார்த்திருக்கக்கூடாது.

கடைசி நாள் ஊசி போட்டு, கேப்புகளை ஒட்டி, கடி எங்கே இடிக்கிறது என்று பார்க்கும் நீலக்காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் “கடியுங்கள், டக் டக், பக்கவாட்டில் தேயுங்கள்” என்றார்கள். வாய் மரத்துக் கிடக்கிறது, உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என்னத்தைக் கடிப்பது? நீலம் பட்ட இடத்தை இரண்டு தடவை தேய்த்துவிட்டுச் “சூப்பர்” என்றார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு விமானம். வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்த பிறகுதான் தெரிந்தது, வலதுபக்கம் பின்னால் ஒரே ஒரு பல் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போய் இடிக்கிறது. மயிரிழை உயரம்தான். ஆனால் வாயில் மயிரிழை என்பது செருப்புக்குள் கல் மாதிரி. பத்தே நாளில் தாடை மூட்டு வலி, காது வலி. உள்ளூரில் ஐந்து நிமிடத்தில் தேய்த்துவிட்டிருப்பார்கள். நானோ வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் போகவில்லை. அந்தப் பல் உள்ளே நரம்பு செத்து ரூட் கெனாலில் முடிந்தது. அடுத்த வருடம் இன்னொன்று.

கடைவாய், உங்களுக்குக் காரணம் இருக்கிறது, பல் இல்லை. எனக்கு அதுவும் இல்லை.

கணக்குப்பிள்ளை

விலை ஏன் குறைகிறது என்று கேட்டால் எல்லோரும் ‘மட்டமான பொருள்’ என்கிறார்கள். அப்படியே நம்ப வேண்டாம். அங்கே சம்பளம் குறைவு, வாடகை குறைவு, பல் செய்யும் லேப்பின் கூலி குறைவு. பெயர்பெற்ற கம்பெனியின் டைட்டானியம் திருகு எந்த நாட்டிலும் மலிவாகக் கிடைத்துவிடாது. அதனால் மற்றதெல்லாம் குறைந்தும் இம்ப்ளாண்டின் விலை அதலபாதாளத்தில் இருந்தால், திருகைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் போட்ட கணக்கு இது. மதிப்பீட்டோடு இரண்டு பயணத்தின் டிக்கெட், துணைக்கு ஒருவர், லீவு போட்ட நாட்களின் சம்பளம் எல்லாம் கூட்டினேன். அதோடு, நடக்காமல் போகட்டும், மூன்றாவதாக ஒரு பயணத்தையும் கூட்டினேன். அப்படியும் உள்ளூரைவிடக் குறைவாக வந்தால் போகலாம். ஒரு கேப், ஒரு ரூட் கெனால் என்றால் அநேகமாக வராது. நாலைந்து இம்ப்ளாண்ட், முழு வாய் வேலை என்றால் தாராளமாக வரும். என் மாமனாருக்கு வந்தது, போனோம், இப்போது எலும்பு கடிக்கிறார்.

உத்தரவாதத் தாளைக் கடைசி வரி வரை படியுங்கள். மாமனாருடையதில் உடைந்தால் பல் இலவசம், ஆனால் வந்துபோகும் செலவு நம்முடையது. வருடத்துக்கு ஒருமுறை அவர்களிடமே வந்து பரிசோதிக்காவிட்டால் உத்தரவாதம் செல்லாது. பத்து வருட உத்தரவாதம் என்றால் பத்து டிக்கெட்! சாதாரணப் பயண இன்சூரன்ஸும், நாமே திட்டம் போட்டுச் செய்துகொள்ளும் வைத்தியத்தில் வரும் சிக்கலுக்குப் பெரும்பாலும் பணம் தராது.

மூத்த மகள்

எங்கள் அம்மா கதையில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் பயம்.

அம்மாவுக்கு 68 வயது. ஆடிக்கொண்டிருந்த நாலு பல்லைப் பிடுங்கி இம்ப்ளாண்ட் வைக்கத் தேதி குறித்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளினிக்கில் கேட்டது சர்க்கரை, பிரஷர், அலர்ஜி. எல்லாம் சரியாகச் சொன்னோம். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது வழக்கமான பரிசோதனைக்காகக் குடும்ப டாக்டரிடம் போன அம்மா பேச்சுவாக்கில் பல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். “எலும்புத் தேய்மானத்துக்கு வருடா வருடம் ஊசி போடுகிறோமே, அதை அவர்களிடம் சொன்னீர்களா?”

சொல்லவில்லை. அதைப் பல்லோடு சேர்த்து நினைக்கவே இல்லை. எலும்பைக் காப்பாற்றக் கொடுக்கும் அந்த வகை மருந்து போட்டவர்களுக்குப் பல் பிடுங்கினால், அபூர்வமாகச் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்தபடி நின்று, அந்த இடம் செத்துப்போகும் என்றார். எல்லோருக்கும் வராது, ஆனால் வந்தால் மாதக்கணக்கில் பக்கத்தில் ஒரு டாக்டர் வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்தோம். அம்மாவுக்கு இப்போது கழற்றி மாட்டும் செட். திட்டிக்கொண்டே போட்டுக்கொள்கிறார்.

மாத்திரைச் சீட்டு முழுவதையும், பழையதையும் சேர்த்து அனுப்புங்கள். பல்லுக்குச் சம்பந்தமில்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

கடைவாய்

நன்றி அக்கா. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான். இன்னொரு சந்தேகம், பல் வேலை முடிந்த உடனே விமானம் ஏறினால் வலிக்குமா?

இரண்டு பயணம்

சொத்தைக்குள்ளோ அரைகுறை ரூட் கெனாலுக்குள்ளோ காற்று மாட்டியிருந்தால் மேலே போகும்போது அது விரிந்து உயிர் போகிறமாதிரி வலிக்கும். மேல்தாடையில் சைனஸை (பல்வேருக்கு மேலே இருக்கும் காற்றறை) தூக்கி அடியில் எலும்பு வைத்திருந்தால் மூக்கு சிந்தவே கூடாது என்பார்கள், விமானத்தையும் ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். உங்களுக்குக் கீழ்த்தாடை, அந்தக் கவலை இல்லை. பல் பிடுங்கியிருந்தால் மட்டும் நாலைந்து நாள் கழித்து ஏறுங்கள், குழி காய்ந்து வலி எடுப்பது அந்த நாட்களில்தான்.

திருகாணி

இரண்டரை வருடம் நன்றாக இருந்த என் இம்ப்ளாண்ட் கேப் ஒருநாள் ஆடியது. நாக்கால் தள்ளினால் ‘டிக்’. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஸ்குரூ லூஸ், பத்து நிமிட வேலை. எந்த கம்பெனி இம்ப்ளாண்ட்?”

எனக்குத் தெரியாது. அங்கே கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை. கிளினிக் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் ஒரு டிராயரைத் திறந்து காட்டினார், உள்ளே விரல்நீளத் திருப்புளிகள் வரிசையாக. ஒன்றின் முனை அறுகோணம், ஒன்று நட்சத்திரம், ஒன்று சதுரம், அதிலும் அளவு அளவாக. “தப்பானதை வைத்துத் திருகினால் தலை வழுக்கிவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு” என்று மூடிவிட்டார். வேறு இரண்டு பேர் அடுத்தவர் செய்த வேலையில் கை வைக்கமாட்டோம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மாதம் ஒரு பக்கம் மட்டும் மென்றேன். கடைசியில் காப்பாற்றியது என் தற்பெருமை. அங்கே நாற்காலியில் படுத்தபடி கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு எடுத்த செல்ஃபி. பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் தட்டில் பிரித்த பாக்கெட், அதில் ஸ்டிக்கர், கம்பெனி பெயரும் அளவும் படிக்கிறமாதிரி. அந்தப் பத்து நிமிட வேலை அப்படித்தான் முடிந்தது.

அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஸ்கேனையும் படமாக இல்லாமல் மூலக் கோப்பாகவே பென்டிரைவில் வாங்குங்கள்.

ஊசிக்காரர்

பல் டாக்டர் பேசுகிறேன். எனக்கு இதில் வியாபார நோக்கம் உண்டு என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

2022-ல் பிரிட்டனின் பல் மருத்துவர் சங்கம் ஆயிரம் மருத்துவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெளிநாட்டில் பல் கட்டி வந்தவர்களைப் பார்த்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிக்கலுக்கு வைத்தியமும் செய்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் இது டாக்டர்களின் எண்ணிக்கை, போய் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கெட்டது என்ற எண்ணிக்கை இல்லை. மேலே ‘இரண்டு பயணம்’ மாதிரி நன்றாக இருப்பவர் என் கதவைத் தட்டப் போவதில்லை.

என் அபிப்பிராயத்தில் திறமையைவிடத் தூரம்தான் பிரச்சினை. அமெரிக்க எல்லையை ஒட்டி மெக்ஸிகோவில் லோஸ் அல்கோடோனஸ் என்று ஒரு சின்ன ஊர், தெருவெல்லாம் பல் கிளினிக், பட்டப்பெயரே ‘கடைவாய்ப்பல் நகரம்’. ஆஸ்திரியர்களுக்கு எல்லை தாண்டியதும் ஹங்கேரியில் மோஷோன்மக்யாரோவார் அப்படி. அங்கே போகிறவர் கடி இடித்தால் அடுத்த வாரம் காரில் போய்த் தேய்த்துக்கொண்டு வருவார். எட்டு மணி நேரம் பறந்து போனவருக்கு அது முடியாது.

‘7 நாளில் பல்’ முழுப்பொய் என்றும் சொல்லமாட்டேன். நாலு இம்ப்ளாண்டில் ஒரு தாடை முழுவதையும் தாங்கவைத்து அன்றைக்கே பல் மாட்டும் முறை இருக்கிறது. ஆனால் அது தற்காலிகப் பல், நிரந்தரத்துக்கு மறுபடி போக வேண்டும். கேள்வி கேட்ட ‘கடைவாய்’க்குத் தேவை அதுவும் இல்லை. முதலில் ஈறைப் பாருங்கள். ஈறில் சீழ் இருக்கும்போது இம்ப்ளாண்ட் வைப்பது ஈரச்சுவரில் பெயிண்ட் அடிப்பதுதான்.

கடைவாய்

எல்லோருக்கும் நன்றி. அந்த 7 நாள் கிளினிக்குக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். எந்த கம்பெனி இம்ப்ளாண்ட், ஸ்டிக்கர் தருவீர்களா? வைத்ததற்கும் கேப் மாட்டுவதற்கும் எத்தனை மாதம்? கடி சரியில்லை என்றால் இங்கே யார் பார்ப்பார்கள்? கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது, இந்த வாரம் முன்பணம் கட்டினால் மேலும் 10 சதவீதம் தள்ளுபடியாம். மூன்று கேள்வியில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதே கேள்விகளை ‘இரண்டு பயணம்’ தனியாகச் சொன்ன இடத்துக்கும் அனுப்பினேன். நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் ஒரு டாக்டரே எழுதியிருந்தார். படத்தில் கீழே முன்பற்களைச் சுற்றி எலும்பு இறங்கியிருப்பதுபோலத் தெரிகிறது, உள்ளூரிலேயே ஈறைச் சுத்தம் செய்துகொண்டு மூன்று மாதம் கழித்து ஸ்கேன் அனுப்புங்கள், பிறகு விலை பேசலாம் என்று.

வரும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஈறு சுத்தம் செய்ய நேரம் வாங்கியிருக்கிறேன். உள்ளூர் டாக்டரிடம் வெளிநாட்டு யோசனையை இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று யாராவது அனுபவப்பட்டவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.