போஹுமில் ஹ்ரபால் பற்றி உதவி தேவை

நண்பர்களே, செக் எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபால் (1914–1997) பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் பேச வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பு ஓரளவு கையில் இருக்கிறது. சட்டம் படித்தவர், ஆனால் பார்த்த வேலைகளோ ரயில் நிலையம், கிளாத்னோ எஃகு ஆலை, பிராகில் பழைய காகிதத்தை எந்திரத்தில் அழுத்திக் கட்டும் கிடங்கு என்று போகின்றன. அந்தக் கிடங்கிலிருந்து ஒரு அற்புதமான நாவலே வந்தது. 1968இல் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த பின், 1970இல் அச்சாகியிருந்த இவருடைய புத்தகங்களும் கூழாக்கப்பட்டன.

எனக்குச் சிக்கல் 1975தான். அந்த ஆண்டு ‘த்வோர்பா’ இதழில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு இணக்கமாக ஒரு பேட்டி கொடுத்தார். அப்புறம் தணிக்கையில் வெட்டுப்பட்ட வடிவில் புத்தகங்கள் வெளிவந்தன. வெட்டாத பிரதிகள் தட்டச்சில் ரகசியமாகக் கைமாறின. கோபமடைந்த இளைஞர்கள் சிலர் அவர் புத்தகங்களை எரித்தே விட்டார்கள். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாசகர்களை இழக்கக் கூடாதென்று வளைந்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆதாரமில்லாமல் இதைச் சொன்னால் எங்கள் வட்டத்தில் விட மாட்டார்கள்!

அந்தப் பேட்டியின் முழு ஆங்கில வடிவம் யாரிடமாவது இருக்கிறதா? தணிக்கைப் பதிப்பையும் ரகசியப் பிரதியையும் ஒப்பிட்ட கட்டுரை எதுவானாலும் சரி. ஹ்ரபால் கதைகளை வைத்து யிரி மென்ஸல் 1969இல் எடுத்து, 1990 வரை முடக்கப்பட்டிருந்த படம் சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும்? தமிழில் இவரைப் பற்றி ஏதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.