பெரியப்பாவின் ஃபார்வர்டும் அரிஸ்டாட்டிலும்

பெரியப்பா (காலை 5:52): [படம்: சூரிய உதயம், ஓரத்தில் தாடிக்காரர்] அரிஸ்டாட்டில் சொன்ன மகிழ்ச்சியின் ரகசியம்: எப்போதும் சிரித்த முகமாக இருங்கள். பத்துப் பேருக்கு அனுப்பவும் 🙏

நான்: பெரியப்பா, இது அவர் சொன்னது இல்லை. படத்தில் இருப்பவரும் சாக்ரடீஸ் போலத் தெரிகிறது.

பெரியப்பா: தாடி இருக்கிறதே அம்மா?

அண்ணன்: அப்படிப் பார்த்தால் உங்கள் பால்காரரும் அரிஸ்டாட்டில்தான் 😂

பெரியம்மா: அப்புறம் அவர் என்னதான் சொன்னார்? தத்துவம் படிக்கிறாயே, சொல்லு.

நான்: அவர் சொல் யூடைமோனியா. அதை 'மகிழ்ச்சி' என்று எழுதிவிடுவதில்தான் வம்பு. மகிழ்ச்சி ஒரு டம்ளர் காபிக்கே வந்துவிடும். இவர் பேசுவது ஆயுள் முழுக்க நன்றாக வாழ்வதைப் பற்றி. ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டால் வசந்தம் வந்ததாகாது, ஒரு நல்ல நாளும் அப்படித்தான் என்று தன் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் முதல் பகுதியிலேயே எழுதியிருக்கிறார்.

சித்தி: அப்போ செத்த பிறகுதான் கணக்குப் பார்க்க முடியுமா?

நான்: இதையேதான் அங்கேயும் கேட்டார்கள் சித்தி! லிடியா அரசன் குரோசஸ் தன் கஜானாவைச் சுற்றிக் காட்டிவிட்டு, உலகிலேயே பாக்கியசாலி யார் என்று ஏதென்ஸ்காரர் சோலோனிடம் கேட்டானாம். தன் பெயர் வரும் என்று நினைப்பு. அவரோ டெல்லஸ் என்று ஒரு சாதாரண ஊர்க்காரர் பெயரைச் சொன்னார். நல்ல பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டார், ஊருக்காகச் சண்டை போட்டு இறந்தார். முடிவு தெரியாமல் யாரையும் பாக்கியசாலி என்று சொல்ல மாட்டேன் என்றாராம். பிறகு பாரசீக அரசன் சைரஸிடம் குரோசஸ் நாட்டையே இழந்தான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய கதை.

பெரியப்பா: கடைசிப் பந்து வரைக்கும் மேட்ச் முடியாது 👍

நான்: அரிஸ்டாட்டில் இதைப் பாதிதான் ஒப்புக்கொண்டார். நன்றாக வாழ்வது ஒரு செயல், செத்தவர் எதைச் செய்ய முடியும் என்பது அவர் வாதம். ஆனால் டிராய் அரசன் பிரியாம் மாதிரி கடைசிக் காலத்தில் எல்லாம் பறிபோனவனை யார் பாக்கியசாலி என்பார்கள் என்றும் கேட்டார்.

அண்ணன்: காசு, நண்பர்கள், நல்ல குடும்பம், ஏன், லட்சணமான முகம்கூட வேண்டும் என்பார். அதனால்தான் எனக்கு ஸ்டோயிக் தத்துவவாதிகளைப் பிடிக்கும். குணம் ஒன்று போதும், மற்றது போனால் போகட்டும்.

நான்: போன மாதம் உன் போன் தண்ணீரில் விழுந்தபோது அந்த ஸ்டோயிக் எங்கே போயிருந்தார்?

பெரியம்மா: குணமெல்லாம் பிறவியிலேயே வருவது. பெரியப்பா வம்சத்துக் கோபம் மாதிரி.

நான்: இல்லை பெரியம்மா, இங்கேதான் அரிஸ்டாட்டில் அடித்துச் சொல்கிறார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், யாழ் வாசித்து வாசித்துத்தான் வித்வான். நியாயமாக நடந்து நடந்துதான் நியாயஸ்தன். கிரேக்கத்தில் பழக்கத்துக்கு 'எதோஸ்', குணத்துக்கு 'ஏதோஸ்'. எகரத்தைக் கொஞ்சம் நீட்டினால் பழக்கம் குணமாகிவிடும்! தமிழில் எழுதும்போது இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

பெரியப்பா: அப்போ கோபப்பட்டுக் கோபப்பட்டு நான் என்ன ஆகியிருக்கிறேன்?

பெரியம்மா: வித்வான்.

அண்ணன்: 😂😂😂

நான்: கோபமே வராதவனையும் அவர் பாராட்டவில்லை பெரியப்பா. கோபப்படுவது சுலபம். சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான காரணத்துக்காகக் கோபப்படுவதுதான் கஷ்டம் என்றார். நல்ல குணம் என்பது அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவில் இருப்பது என்பார். ஆனால் நடு என்றால் சராசரி இல்லை. பத்து மினா (அந்தக் கால எடை அளவு) சாப்பாடு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காக எல்லோருக்கும் ஆறு போடு என்று பயிற்சியாளர் சொல்ல மாட்டார். மல்யுத்த வீரன் மைலோவுக்கு அது பத்தாது, புதிதாக வந்தவனுக்கு அதிகம்.

சித்தி: இட்லிக் கணக்கு. நம் வீட்டு மைலோ யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன்: 🙄

சித்தி: சரி, இவ்வளவு யோசித்தவருக்குச் சமைத்துப் போட்டது யார்?

நான்: அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள் சித்தி. சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று 'அரசியல்' நூலில் வாதாடவும் செய்தார். பெண்கள் ஆளப்பட வேண்டியவர்கள் என்றும் எழுதினார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஆனால் அந்தப் பக்கங்களை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிப்பேன்.

அண்ணன்: எபிக்கூரஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தத்துவஞானி தன் தோட்டத்திலேயே பள்ளி நடத்தினார். அங்கே பெண்களும் அடிமைகளும்கூடச் சேர்ந்து படித்தார்கள். சாகும் நாளில், தாங்க முடியாத வலியோடு, நண்பர்களுடன் பேசிய பேச்சை நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறேன் என்று கடிதம் எழுதியவர்.

சித்தி: இவரை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா (காலை 7:10): பால் இன்னும் வரவில்லை. சரியான ஆள், சரியான காரணம். இப்போதே போன் போட்டு நாலு வார்த்தை கேட்கப் போகிறேன்.

பெரியம்மா: இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன் என்று நேற்று உங்களிடம்தானே சொன்னார்? தலையை வேறு ஆட்டினீர்கள்.

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது