35 அடிப் பாய்மரப் படகுக்கு மின்மோட்டார் போதுமா?

நெடுங்கடல்:
இங்கிலாந்தின் தென்கரையில், சொலன்ட் நீரிணையில் நிறுத்தியிருக்கும் என் 35 அடிப் பாய்மரப் படகின் எடை ஆறு டன். அதன் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 10 கிலோவாட் மின்மோட்டாரும் 20 கிலோவாட்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் பொருத்த எண்ணியிருக்கிறேன். மின்சாரத்தில் தூரம் போக முடியாது என்று சொல்பவர்கள் டீசலில் பழகிய வேகத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள் என்பது என் வாதம். நீரைக் கிழித்துச் செல்லும் இத்தகைய உடல்கொண்ட படகுக்கு, வேகம் கூடக் கூடத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. நண்பர் ஒருவரின் படகில் மின்மோட்டாரின் திரையைப் பார்த்துக்கொண்டே நெம்புகோலை மெல்லத் தள்ளினேன். நான்கு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் 2 கிலோவாட் காட்டியது, ஐந்தில் 4 ஆயிற்று, ஆறை எட்டும்போது 8ஐத் தொட்டது. பேட்டரியில் 16 கிலோவாட்-மணியை மட்டும் பயன்படுத்தினாலும் ஆறு நாட்டில் 12 கடல் மைல், ஐந்தில் 20, நான்கில் 32 கிடைக்கும். துறையிலிருந்து வெளியேறவும் காற்று விழுந்த நேரத்தைச் சமாளிக்கவும் இது தாராளம்.

ஓதம்:
உங்கள் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அது அசையாத நீருக்கான கணக்கு. சொலன்ட்டின் மேற்கு வாயிலான ஹர்ஸ்ட் குறுகலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் நான்கு நாட்டைத் தாண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள். நான்கு நாட்டில் அதை எதிர்த்தால் மோட்டார் சுழன்றுகொண்டேயிருக்கும், கரையோ நகராது. எதிர்க்காற்றும் குட்டை அலையும் சேர்ந்துகொண்டால் பத்து கிலோவாட்டையும் முழுதாக இழுக்க வேண்டிவரும். அப்போது அந்த 16 கிலோவாட்-மணி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். டீசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஐந்து நாட்டில் மணிக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 84 கிலோ எடையுள்ள 100 லிட்டர் டீசல் 250 கடல் மைல் கொண்டுசெல்லும். அதே தூரத்தைப் பேட்டரியில் கடக்க 200 கிலோவாட்-மணி வேண்டும். அதன் எடை இரண்டு டன்னை நெருங்கும்; படகின் எடையில் மூன்றிலொரு பங்கு!

நெடுங்கடல்:
ஹர்ஸ்ட் குறுகலை நீரோட்டத்துக்கு எதிராகக் கடப்பதை டீசல் வைத்திருப்பவர்களும் தவிர்க்கிறார்கள். கடல் ஏற்ற இறக்க நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துக் கிளம்புவதுதான் இங்குள்ள வழக்கம். 250 மைல் எஞ்சினில் போக வேண்டுமென்றால் பாய் எதற்கு?

பாய்க்கயிறு:
இருவருமே மின்னேற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. பிளானட்சோலார் என்ற 31 மீட்டர் கலம் 2010 செப்டம்பரில் மொனாகோவிலிருந்து புறப்பட்டு, சூரிய ஒளியை மட்டும் கொண்டு உலகைச் சுற்றி 2012 மே மாதம் திரும்பி வந்தது. வேகத்தை விட்டுக்கொடுத்தால் தூரத்துக்கு எல்லையில்லை என்பதை அது காட்டிவிட்டது. ஆனால் அதன் மேற்பரப்பில் 537 சதுர மீட்டர் சூரியத் தகடுகளும், உள்ளே எட்டு டன்னுக்கும் மேற்பட்ட பேட்டரிகளும் இருந்தன. அப்படியிருந்தும் சராசரி வேகம் ஐந்து நாட் அளவில்தான். 35 அடிப் படகில் ஒரு கிலோவாட் தகடு பொருத்துவதற்கே இடம் தேட வேண்டும். ஆங்கிலேயக் கோடையில் நாளொன்றுக்கு அது நான்கு கிலோவாட்-மணி தந்தால், நான்கு நாட்டில் இரண்டு மணி நேரம் ஓடலாம், அதாவது எட்டு கடல் மைல். பாயில் ஓடும்போது புரொப்பெல்லரைச் சுழலவிட்டு மின்சாரம் எடுக்கலாம் என்பார்கள்; ஆறு நாட்டில் சில நூறு வாட் கிடைக்கும், அதற்கு ஈடாக வேகத்தில் கொஞ்சம் குறையும். பல நாள் நீளும் கடற்பயணத்தில் அது உண்மையாகவே உதவும், வார இறுதிப் பயணத்தில் பெரிதாக எதையும் மாற்றாது.

ஓதம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பவேரியாவின் கோனிக்ஸி ஏரியில் 1909 முதல் மின்படகுகள் ஓடுகின்றன. அலையில்லாத நீர், தெரிந்த தடம், கரையிலேயே மின்னேற்றம். உங்கள் படகு ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வேண்டியது. சொலன்ட்டின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்சின் செர்பூர் துறைமுகம் வரை ஏறத்தாழ 60 கடல் மைல். பாதி வழியில் காற்று விழுந்தால் மீதி 30. உங்களிடம் இருப்பதோ 32. துறைமுக வாயிலில் குறுக்கு நீரோட்டம் இழுக்கும்போது கையில் மிச்சம் என்ன இருக்கும்?

நெடுங்கடல்:
காற்று விழுந்தால் காத்திருப்பேன். இரவு முழுதும் மிதந்தாலும் எனக்குக் குறையில்லை.

ஓதம்:
நடுக்கால்வாயில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும் தடத்தில், காற்றில்லாத இரவில், நகரும் ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொண்டு மிதப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே வேகம் என்பது பாதுகாப்பு.

பாய்க்கயிறு:
நெடுங்கடல், நான்கு கிலோவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரமாக மாற்றுவதில் ஆற்றலின் ஒரு பங்கு வீணாகும், எடையும் கூடும். ஆனாலும் நாலரை நாட்டில் எரிபொருள் உள்ளவரை செர்பூர் நோக்கிப் போய்க்கொண்டேயிருக்கலாம். பேட்டரியின் 16 கிலோவாட்-மணியைத் துறைமுக வாயிலுக்கென்று தொடாமல் வைத்துக்கொள்ளலாம்.