புஷ்பக் விமானத்தின் மூன்று கேஜ்களும் தவறாகக் காட்டுகின்றன: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

குப்பம் ஆய்வக உதவியாளர்:

அனைவருக்கும் வணக்கம். குப்பத்திற்கு அருகே ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எங்களிடம் பழைய புஷ்பக் என்னும் சிறு பயிற்சி விமானம் ஒன்று உள்ளது. 1958இல் முதன்முதலாகப் பறந்த அந்த வகை, காண்டினென்டல் சி90 எஞ்சினுடன் வந்தது. எங்களுடையது இனிப் பறக்கப் போவதில்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வால் பகுதியைக் கயிற்றால் கட்டி, மாணவர்களுக்காக வாரம் ஒருமுறை எஞ்சினை மட்டும் சில நிமிடங்கள் ஓட்டிக் காட்டுகிறோம்.

இப்போது மூன்று கேஜ்களில் சிக்கல் இருக்கிறது. எண்ணெய் அழுத்த கேஜின் முள், எஞ்சின் நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகும் 8 பவுண்டுக்குக் கீழே இறங்குவதில்லை. எண்ணெய் வெப்ப கேஜ் குறைவாகக் காட்டுகிறது என்ற ஐயத்தில், அதன் முனைக் குமிழைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்த்தேன். 212 டிகிரி பாரன்ஹீட் காட்ட வேண்டிய முள், 205க்கும் 210க்கும் நடுவிலேயே நின்றுவிட்டது. மூன்றாவதாக, எஞ்சினின் ஓசை ஒரே சீராக இருக்கும்போதே எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் டேக்கோமீட்டரின் முள் 1400க்கும் 1700க்கும் இடையே ஊசலாடுகிறது. எங்கள் தெலுங்கு மாணவர்கள் "சார், முல்லு ஆடுது" என்று பாதித் தமிழில் சிரிக்கிறார்கள்.

பேருந்து நிலையத்தருகே கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், மூன்றையும் கொண்டுவந்தால் கண்ணாடியைத் திறந்து, முள்ளைச் சரியான இடத்தில் அமர்த்தி, மங்கிப்போன எண்களுக்குப் புது வண்ணமும் பூசித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? வெப்ப கேஜின் நுண்குழாய் தேவைக்கு மேல் நீளமாகச் சுருட்டிக் கிடப்பதால், அதையும் வெட்டிச் சுருக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நகரி இளைஞன்:

அண்ணா, வெட்டலாம் என்றே நினைக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாயை நாங்கள் வெட்டி வெள்ளிப் பற்றவைப்பு செய்கிறோமே, அதே வேலைதான்.

பாலக்காடு ஓய்வாளர்:

ஐயா, அந்தக் குழாயில் கத்தியை வைத்துவிடாதீர்கள். விமானக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குமிழ், நுண்குழாய், கேஜின் உள்ளே இருக்கும் வளைகுழாய் ஆகிய மூன்றும் சேர்ந்து மூடி முத்திரையிட்ட ஒரே கலம். அதற்குள் மெத்தில் குளோரைடு போல எளிதில் ஆவியாகும் திரவம் அளந்து அடைக்கப்பட்டிருக்கும். குமிழ் சூடேறும்போது எழும் ஆவியின் அழுத்தமே முள்ளை நகர்த்துகிறது. குழாயை ஓரிடத்தில் வெட்டினாலும் உள்ளிருப்பது வெளியேறி, முள் அடிமட்டத்தில் விழுந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வாயுவை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். இங்கே உரிய கருவிகள் உள்ள பட்டறையில் திரவத்தை நிரப்பி, அளவையும் புதிதாகச் சரிபார்த்தாக வேண்டும். மிச்ச நீளத்தை உள்ளங்கை அகல வளையங்களாகச் சுருட்டி, உலோக விளிம்பில் உரசாதபடி கட்டிவைத்தால் போதும்.

அடுத்தது, அந்த கேஜில் பழுது இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. நீர் 212 டிகிரியில் கொதிப்பது கடல்மட்டத்தில்தான். குப்பம் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குறைவதால், உங்கள் பாத்திரத்து நீர் 98 செல்சியஸைத் தொடும் முன்பே, அதாவது 208 பாரன்ஹீட் அளவிலேயே கொதித்திருக்கும். அதைத்தான் அந்த முள் காட்டியிருக்கிறது. பாலக்காட்டில் என் வீட்டு அடுப்பில் வைத்திருந்தால் 211ஐ ஒட்டி நின்றிருக்கும். பாத்திரத்தில் ஆய்வகப் பாதரச வெப்பமானி ஒன்றையும் குமிழின் பக்கத்தில் தொங்கவிட்டு, நீர் ஆறும்போதும் மூன்று நான்கு இடங்களில் இரண்டையும் ஒப்பிடுங்கள். சில நிமிட ஓட்டத்தில் எண்ணெய் முழுச் சூட்டை எட்டாது என்பதால், ஓடும்போது குறைவாகக் காட்டுவதில் வியப்பில்லை.

கடிகாரக் கடையைப் பற்றிச் சொல்வதுதான் இன்னும் முக்கியம். அந்தக் காலத்துக் கேஜ்கள் பலவற்றில், இருட்டில் ஒளிர்வதற்காக எண்களுக்கும் முள்ளுக்கும் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். இன்று அது ஒளிராமல் பழுப்பேறிக் கிடந்தால் செத்துவிட்டது என்று பொருளல்ல. ஒளிரும் துத்தநாக சல்பைடுதான் தேய்ந்திருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். கண்ணாடி மூடியிருக்கும் வரை பெரிய அச்சமில்லை. திறந்தால் வண்ணம் பொடியாக உதிர்ந்து, மூச்சோடும் விரலோடும் உடலுக்குள் போய்விடும். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி டயலில் எழுதிய பெண்கள் தாடையெலும்பு அரித்து இறந்தது இதே பொருளால்தான். உங்கள் பெரியவரும் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, டயலுக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்துதான் வேலை செய்வார். முதலில் இயற்பியல் துறையின், கதிரியக்கத்தைச் சொடுக்கொலியால் காட்டும் கெய்கர் கருவியைக் கண்ணாடியின் மேல் பிடித்துப் பாருங்கள்.

பறக்கும் விமானமாக இருந்திருந்தால் இவற்றில் எதையும் நாம் தொடவே கூடாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பட்டறையின் சான்றோடுதான் கேஜ் பலகைக்குத் திரும்ப வேண்டும்.

சித்தூர் பாய்லர் கேஜ்காரர்:

விமானம் எனக்குத் தெரியாது. ஆனால் அழுத்த கேஜ் எங்கே இருந்தாலும் அதன் உள்ளே இருப்பது அதே வளைந்த போர்டான் குழாய்தான். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளின் பாய்லர் கேஜ்களை ஆண்டுதோறும் நான்தான் சரிபார்த்துத் தருகிறேன்.

முதலில் கேஜின் பின்னால் வரும் எண்ணெய்க் குழாயைக் கழற்றுங்கள். முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் கேஜ் நன்றாக இருக்கிறது. குழாயிலோ, எஞ்சின் பக்க இணைப்பில் இருக்கும் ஊசித் துளையிலோ கசடு அடைத்து அழுத்தம் தேங்கியிருக்கிறது. கழற்றிய பிறகும் 8இலேயே நின்றால், என்னிடம் கொண்டுவாருங்கள். 20, 40, 60 பவுண்டுகளில் ஏற்றியும் இறக்கியும் மூல கேஜோடு ஒப்பிடலாம். எல்லா இடத்திலும் அதே 8 கூடுதலாகக் காட்டினால் முள் மட்டும் தண்டில் நழுவியிருக்கிறது. பத்து நிமிட வேலை. ஏற ஏறப் பிழை மாறிக்கொண்டே போனால் குழாயே தளர்ந்துவிட்டது. முள்ளைத் திருப்பி வைப்பது நோயை மறைப்பதுதான், மாற்றிவிடுங்கள். ஆனால் அந்தக் கெய்கர் சோதனை முடியாமல் என் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

பாலக்காடு ஓய்வாளர்:

சித்தூர்க்காரர் சொன்ன ஊசித் துளை அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், பெரிதாக்கிவிடாதீர்கள். செப்புக் குழாய் எங்கேனும் முறிந்தால் எஞ்சினின் எண்ணெய் முழுவதும் ஒரேயடியாகப் பீய்ச்சிப் போகாமல் தடுப்பது அந்தச் சிறு துளைதான். செப்பு அதிர்வில் இறுகி நொறுங்கும் என்பதால், இணைப்பு முனைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டேக்கோமீட்டரில், சுழலும் காந்தம் ஒன்று தன்னைத் தொடாத அலுமினியக் கிண்ணத்தைச் சுருள்வில்லுக்கு எதிராக இழுக்கிறது. முள் ஊசலாடினால் முதலில் கேபிளைத்தான் ஐயப்பட வேண்டும்: கூர்மையாக வளைந்திருக்கும், அல்லது காய்ந்திருக்கும், அல்லது யாரோ அளவுக்கு மீறிக் கிரீஸ் அப்பியிருப்பார்கள். அந்தக் கிரீஸ் கேபிளின் முறுக்கு வழியே ஏறிக் கேஜின் தலைக்குள் புகுந்துவிடும். கேபிளை உருவித் துடைத்து, கீழ்ப் பகுதிக்கு மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். மேல்முனை உலர்ந்தே இருக்கட்டும்.

பழைய காந்தம் வலுவிழந்தால் முள் குறைவாகக் காட்டும். ஒளியால் அளக்கும் டேக்கோமீட்டர் கிடைக்காவிட்டால், அந்தி நேரத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட்டைப் பயன்படுத்தலாம். நம் ஊர் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மின்னுவதால், இரண்டு இறக்கை கொண்ட புரொப்பெல்லர் சரியாக 1500 சுற்றில் நான்கு இறக்கைச் சிலுவையாக அசையாமல் நிற்பது போலத் தெரியும். நிற்பது போலத் தெரியும் என்பதை மாணவர்களுக்கு இரண்டு முறை சொல்லுங்கள். விமானியின் இருக்கையிலிருந்து மட்டும் பாருங்கள்.

குப்பம் ஆய்வக உதவியாளர்:

மூவருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

வெப்பமானியும் கேஜும் கொதிநீரிலும் ஆறும் நீரிலும் ஒத்தே போயின. இரண்டு டிகிரிக்கு மேல் எங்கும் வேறுபாடு இல்லை. முள்ளை 212க்குத் திருப்ப நான் வாங்கிவைத்திருந்த சிறு திருப்புளி அப்படியே மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கெய்கர் கருவி இரண்டு கேஜ்களின் மேல் வழக்கம்போல் எப்போதாவது ஒரு சொடுக்கு விட்டது. டேக்கோமீட்டரின் கண்ணாடியருகே கொண்டுபோனதும் சொடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயில் கடுகு பொரிவது போல் ஆகிவிட்டன. அதைத் திறக்கவில்லை. கேபிளைத் துடைத்து உலர்த்திய பிறகு ஊசலாட்டம் பாதியாகக் குறைந்தாலும், சிலுவை நிலைக்கும் நேரத்தில் முள் 1350ஐச் சுற்றியே ஆடுகிறது. ஆகவே அதை மாற்றுவதென்று முடிவு செய்து, கழற்றி உறையிலிட்டு, இயற்பியல் துறையின் பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறோம். குப்பையில் போட முடியாதென்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதும்படி முதல்வரிடம் கேட்டிருக்கிறேன்.

அழுத்த கேஜைக் குழாயிலிருந்து கழற்றியும் முள் 8இலேயே நின்றது. சித்தூரில் 20க்கு 28, 40க்கு 48, 60க்கு 68 என்று காட்டியது. அண்ணன் முள்ளை உருவி மீண்டும் பொருத்தித் தந்தார். ஓடும்போது 38 என்று படித்துக்கொண்டிருந்தது உண்மையில் 30தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

மாற்று டேக்கோமீட்டர் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாலக்காடு ஓய்வாளர்:

சி90இல் கேபிள் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலும். அந்த விகிதத்துக்கும், உங்கள் கேபிள் சுழலும் திசைக்கும் பொருந்துவதாகக் கேளுங்கள். திசை மாறினால் முள் பூஜ்யத்தின் தடுப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். வேக வரம்பைக் குறிக்கும் சிவப்புக் கோடு 2475இல் இருக்கட்டும். டயல் பழுப்பாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் அந்தக் கெய்கர் கருவியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.