கொரோனா ஊரடங்கில் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று: உங்களுக்கு எது?

மாடிவீடு:
நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஜூலை, வில்லிவாக்கம். கீழ் வீட்டு அம்மாவுக்கும் அவர் கணவருக்கும் கொரோனா பாசிட்டிவ். மறுநாளே மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சத்தத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மிளகு ரசம் வைத்து எங்கள் அம்மாவின் எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, தகரத்துக்கு மேலே கயிற்றில் கட்டி இறக்கினேன். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த தூக்கு. மூடியிலும் பக்கத்திலும் அம்மா பெயர் வெட்டியிருக்கும். "வாசனையே தெரியல, சூடு மட்டும் தெரியுது" என்று போனில் சொன்னார். அழுதாரா என்று தெரியவில்லை. குரல் அப்படித்தான் இருந்தது.

பதினாலு நாள் முடிந்து தகரத்தைப் பிரித்தார்கள். அன்று சாயங்காலமே படியேறி வந்தார். தூக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று உள்ளே ஒரு பிடி கல்கண்டு. நான் கதவைப் பாதிதான் திறந்தேன். "பரவாயில்ல, நீங்களே வச்சுக்கோங்க" என்றேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த தூக்கை ஒரு தடவை பார்த்தார். "சரிங்க" என்றார். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கல்கண்டு உள்ளே உருளும் சத்தம் கேட்டது.

வீட்டில் எழுபத்தெட்டு வயது மாமியார் இருந்தார். பயம்தான். ஆனால் அந்தச் சத்தம் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

வைகைக்கரை:
மதுரைக்குப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடை. ஏப்ரல் முதல் வாரம், ஆயிரம் ரூபாய் கொடுத்த சமயம். டோக்கன் இருந்தும் கூட்டம். மூன்றடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற ஆளாளுக்குத் தன் வட்டத்தில் செருப்பையோ பையையோ வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம். நிழலில் எல்லோரும் ஒட்டித்தான் நின்றோம், வட்டத்தில் செருப்புகள் இடைவெளி விட்டு நின்றன.

ஒரு பாட்டி செருப்பு இல்லாமல் வந்தவர். பையைக் கீழே வைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, வட்டத்தில் ஒரு கல்லை வைத்தார். வரிசை நகர்ந்தபோது ஒருத்தன் காலாலேயே அதைத் தள்ளிவிட்டான். "கல்லுக்கெல்லாம் இடம் கிடையாது ஆத்தா, கடைசிக்குப் போ." பாட்டி குனிந்து அதே கல்லைத் தேடி எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போனார். வேறு கல் இல்லாமலா? அங்கே ரோடே கல்தான். அதை ஏன் எடுத்துக்கொண்டு போனார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அவருக்கு அடுத்த வட்டத்தில் இருந்தது என் செருப்பு. நான் வாயைத் திறக்கவில்லை.

கோவைக்காரன்:
கடைகள் மதியம் ஒரு மணி வரைதான் என்று ஆன பிறகு நடந்தது. மருந்துக்கடைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, கிளம்பினேன். வழியில் போலீஸ் மறித்தார்கள். சீட்டைக் காட்டினேன். படித்தே பார்க்கவில்லை. வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு முப்பது தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள்.

நான் போட்டதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், அறுபது வயதுக்கு மேல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளையார் முன்னால் போடுவதுபோல முறையாகக் கையை மாற்றிக் காதைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு போட ஆரம்பித்தார். ஒன்பதுக்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை. எதிர் மாடியில் ஒரு வீட்டில் குடும்பமாக நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீடியோ மறுநாள் எங்கள் உறவினர் குழுவுக்கே வந்தது. கீழே சிரிப்புப் பொம்மைகள். அதில் நான் இருப்பதை முதலில் பார்த்தது என் மகள்.

காவலர்வீடு:
கோவைத் தம்பி சொன்னது நடந்திருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் போலீஸ் என்றால் லத்தி மட்டும்தான் என்று இங்கே முடிந்துவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போது செக்போஸ்ட் பணி. ராத்திரி வந்தால் பின்பக்கம் வாளித் தண்ணீரில் குளித்து, யூனிஃபார்மை டெட்டால் தண்ணீரில் முக்கிவிட்டு, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் படுத்துக்கொள்வார். இரண்டு மாதம் அப்படியே. சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு நான் கீழே வந்த பிறகுதான் எடுப்பார். பையனுக்கு இரண்டு வயது. ஒரு நாள் கேட் சத்தம் கேட்டு ஓடிவிட்டான். இவர் "வராதே!" என்று கத்திய கத்தலில் குழந்தை நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு மாதம் அப்பா என்றால் போனைத்தான் காட்டுவான். மேலே மாடியில் அப்பா, கீழே வீட்டில் பிள்ளை, நடுவில் வீடியோ கால்.

வீட்டு ஓனர் நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தோம். மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவிலேயே பெரிய சத்தமாகத் தாம்பாளம் தட்டியவர் அவர். ஏப்ரல் 5 ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வாசலிலும் சேர்த்து அகல் ஏற்றினார். ஜூனில் வந்து, "சாரு வெளியில போய்ட்டு வர்றாரு, எங்களுக்கும் பேரன் பேத்தி இருக்காங்க, வேற இடம் பாத்துக்குங்க" என்றார். ஊரடங்கில் எங்கே போய் வீடு பார்ப்பது? அன்றைக்கு என் கையில் இருந்த தாம்பாளத்தைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

தம்பி, உங்களை நிற்க வைத்தவர் செய்தது தப்பு. ஆனால் அவர் அன்று எத்தனை மணி நேரமாக அந்த வெயிலில் நின்றாரோ, அதையும் நினைத்துப் பாருங்கள்.

கோவைக்காரன்:
அக்கா, உங்கள் வீட்டுக்காரர் பட்டது எனக்கு மனசாரப் புரிகிறது. அந்தக் குழந்தையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வெயிலில் நின்றதை ஒரு காரணமாக என்னால் ஏற்க முடியாது. அந்தப் பெரியவரும் அதே வெயிலில்தான் நின்றார். அதே ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் எதற்காக அழைத்துப் போனார்கள்? ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்தது என்று சொல்லித்தானே. இரண்டு பேரும் உயிரோடு திரும்பவில்லை. தோப்புக்கரணத்தைப் பார்த்துச் சிரித்தபோதே நாம் எல்லோரும் எதற்கோ பழகிக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தோன்றும். சண்டைக்காகச் சொல்லவில்லை அக்கா.

தஞ்சை_ஓய்வாசிரியர்:
என் அனுபவம் சிறியது. மகள் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் நானே போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னேன். என் மூத்த அக்காள், "நான் நாப்பத்தொன்பதா, அம்பத்தொண்ணா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மாடிவீட்டுச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. பாத்திரம் என்பது வெறும் பாத்திரம் அல்ல. பெயர் வெட்டிய பாத்திரம் இன்னொரு வீட்டில் இருந்தால் இரண்டு வீட்டுக்கும் உறுத்தல். நீங்கள் ஒரு நல்ல நாள் பார்த்து நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், வாட்ஸாப்பில் எழுதவே எழுதாதீர்கள். வெறுங்கையோடும் போக வேண்டாம். அதே மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது சர்க்கரைப் பொங்கல். எடுத்தவுடன் தூக்கைக் கேட்கக் கூடாது. முதலில் அவர் உடம்பு எப்படி இருக்கிறது, இப்போது வாசனை தெரிகிறதா என்று கேளுங்கள். அதன் பிறகு, "அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன், எனக்கே மனசு கேக்கல" என்று ஆரம்பியுங்கள். மாமியாரைக் காரணம் காட்ட வேண்டாம், அது பொய்போல ஒலிக்கும். அவர் தூக்கைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் புதிதாக ஒரு தூக்கு வாங்கி அவர் பெயரையே வெட்டிக் கொடுங்கள். பாத்திரக் கடையிலேயே மெஷினில் வெட்டித் தருவார்கள். கொடுக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உள்ளே உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். அந்தத் தண்ணீர் முக்கியம். அதை மறந்துவிடாதீர்கள்.

ராயபுரம்:
ஐயா, மரியாதையோடுதான் சொல்கிறேன், நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நான் தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவன்.

மே கடைசி. எங்கள் மண்டலத்தில்தான் சென்னையிலேயே அதிகம் என்று தினமும் செய்தியில் சொல்வார்கள். அம்மாவுக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது, சந்துக்குள் வராது. அம்மா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டார். கிளம்பும்போது கதவின் கைப்பிடியை, கேட் தாழ்ப்பாளை, மாடிப்படிக் கம்பியைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே போனார். பின்னால் வருபவர்களுக்காக. எல்லா ஜன்னலிலும் முகம் இருந்தது. ஒருத்தரும் போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

அம்மா காலையில் போட்ட கோலத்தின் மேலேயே ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். இரண்டும் வெள்ளைதான். எது கோலம், எது பவுடர் என்று தெரியாமல் பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே கிடந்தது.

அம்மா திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து வாசலில் நின்று வருத்தம் சொன்னார்கள். அம்மா எல்லோருக்கும் காபி போட்டார். ஒருவர் மட்டும்தான் குடித்தார், எதிர்வீட்டு அத்தை. அம்மா இன்றைக்கும் பேசுவது அந்த அத்தையிடம் மட்டும்தான். மற்ற மூன்று பேர் சொன்ன வார்த்தை ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

அதனால் அக்கா, பொங்கலோடு போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். அது உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பது. பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்துவிடும். தண்ணீர் விஷயம் மட்டும் ஆசிரியர் சொன்னது சரி.

ஜிஎன்டிரோடு:
வீடியோ எடுத்தவர்களைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எடுத்தவன்.

2020 மே, இரண்டாவது வாரம். வடமாநிலத் தொழிலாளர்கள் செங்குன்றம் தாண்டி ஆந்திர எல்லையைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்கள். சிறப்பு ரயில் விட ஆரம்பித்திருந்தார்கள், ஆனால் பெயர் எப்போது வரும் என்று காத்திருக்க வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டுமே. நாங்கள் நண்பர்கள் ஆறு பேர் காரனோடைப் பக்கம் எலுமிச்சை சாதப் பொட்டலமும் தண்ணீரும் கொடுத்தோம். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அதனால் போட்டோ. அது என் வேலை.

இருபது வயது இருக்கும் ஒரு பையன். செருப்பு வாரைச் சிமென்ட் சாக்குப் பிரியால் கட்டியிருந்தான். பொட்டலத்தை வாங்கிவிட்டான். நண்பன் பொட்டலத்தை விடாமல், "ஏக் மினிட்" என்று என்னைப் பார்த்தான். நானும் போனைத் தூக்கினேன். பையன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தை முழுதாக மூடிக்கொண்டான். மாஸ்க் போடுகிறானாக்கும் என்று நினைத்தேன். கண்ணையும் சேர்த்து மூடியிருந்தான். நண்பன் கையை எடுத்ததும், பொட்டலத்தைப் பாலத்துச் சுவர்மேல் மெதுவாக வைத்துவிட்டு நடந்தான். எறியவில்லை. சாதத்தை எறிய மனம் வரவில்லை போலிருக்கிறது.

பின்னாலேயே ஓடினேன். "போட்டோ நஹி, போட்டோ நஹி" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான். நிற்கவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த பொட்டலங்களை யாரும் படம் எடுக்கவில்லை. பணம் தந்தவர்களில் ஒருவரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

வைகைக்கரை:
அந்தப் பையன் எல்லை தாண்டினானா, ஊர் போய்ச் சேர்ந்தானா என்பதுதான் மனதில் ஓடுகிறது. கல் எடுத்துப்போன பாட்டியும் அப்படித்தான். அதற்கப்புறம் அந்தக் கடைப்பக்கம் பார்த்த ஞாபகமே இல்லை.

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவும் ராயபுரத்துத் தம்பியும் இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரர்கள் போன வருடமே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். கணவருக்கு ஓசூரில் வேலை.

கல்கண்டு கொண்டுவந்த அந்த நாளுக்கு அப்புறமும் அவர் எங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். தண்ணீர் லாரி வந்தால் குரல் கொடுப்பார், மாமியார் இறந்தபோது முதலில் வந்து நின்றது அவர்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பாத்திரம் எதையும் கையில் வாங்க மாட்டார். ஏதாவது கொடுத்தால், "இருங்க, என் கிண்ணம் எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போய்விடுவார்.

லாரியில் சாமான் ஏற்றியபோது பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கு ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருந்தது, மற்ற சாமான்களோடு திணிக்காமல் தனியாகத் துணி சுற்றி. ஏற்றுகிற ஆள் கை வைக்கப் போனபோது, "அத விடுங்கண்ணா, நான் மடியில வச்சுக்கறேன்" என்றார்.