எசூரியன்ட்: பசித்தவனா, பறக்காவெட்டியா?

பேட்டை வாசகன்
ஓர் ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கிறேன். அதில் விருந்துக்கு முதல் ஆளாக வந்து உட்காரும் வக்கீலை 'எசூரியன்ட்' என்கிறார்கள். பேராசைக்காரன், தீனிக்கு அலைகிறவன் என்று அகராதி சொல்கிறது. நம்ம பக்கத்துப் பேச்சில் 'பறக்காவெட்டி' என்று போட்டுவிட்டேன். சரிதானே?

பாளை டீச்சர்
சரியில்லை தம்பி. லத்தீனில் 'எடெரே' என்றால் உண்ணுதல். ஆங்கிலத்தில் உண்ணத்தக்கதைச் சொல்லும் எடிபிள், உடல் பருத்தவரைச் சொல்லும் ஒபீஸ் எல்லாம் அந்த வேரில் வந்தவைதான். அதோடு விருப்பத்தைக் காட்டும் விகுதி சேர்ந்தால் 'எசூரீரே': உண்ணவேண்டும் போலிருப்பது, அதாவது வெறும் பசி. 'பார்துரீரே'யும் இதே வாய்பாடு; பிள்ளை பெறத் துடிப்பது, பிரசவ வலி. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் பாடுகிறாளே, கடவுள் நன்மைகளால் நிரப்புகிற பசித்தவர்கள் என்று, லத்தீன் பைபிளில் அவர்கள் 'எசூரியென்தெஸ்'. வெறுங்கையோடு போகிறவர்கள் பணக்காரர்கள். அங்கேயும் பறக்காவெட்டி என்று போடுவீர்களா?

பேட்டை வாசகன்
ஆங்கிலத்துக்கு வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சே டீச்சர், இப்போது கேலியாகத்தான் எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் பூவுக்கும் நாற்றம்தான். இன்றைக்கு டவுன் பூக்கடையில் போய் 'நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள்!

அம்பை அண்ணாச்சி
நான் டீச்சர் பக்கம். மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்கிற பசிநோய், எவ்வளவு தின்றாலும் அடங்காது. அவளை யாராவது பேராசைக்காரி என்றார்களா? தமிழில் பசி எத்தனை பெரிதானாலும் பிணிதான். குற்றம் என்றால் அது வள்ளுவர் சொல்லும் வெஃகுதல், அடுத்தவன் பொருள்மேல் கண் வைப்பது.

பேட்டை வாசகன்
அப்போ ஆற்று மணலை அள்ளுகிறவனுக்குப் 'பணப்பசி' என்கிறோமே அண்ணாச்சி, அதுவும் பிணியா?

பாளை டீச்சர்
பார்த்தீர்களா, 'பணம்' என்று முன்னால் ஒட்டவேண்டியிருக்கிறது. தனியாக நின்றால் பசிமேல் பழி இல்லை. ஆங்கிலக்காரன் ஒட்டாமலே பழி போட்டுவிட்டான், எனக்கு அதுதான் கோபம்.

பேட்டை வாசகன்
கோபம் நியாயம். ஆனால் நாளைக்குக் கதையை அனுப்பணும், என்ன போடட்டும்?

பாளை டீச்சர்
அந்த வக்கீல் காலையில் ஏதாவது சாப்பிட்டாரா?

பேட்டை வாசகன்
வீட்டில் ஒரு தடவை, வழியில் ஒரு தடவை.

பாளை டீச்சர்
அப்போ உங்கள் பறக்காவெட்டியே இருக்கட்டும்.